கட்டுன மறுநாள்

வாங்க அண்ணாச்சி, உக்காருங்க. இந்த ரெண்டு சீட்டும் காலிதான். இங்க இருந்தவங்க இறங்கி நடந்துட்டாங்க. முன்னாடி பாலத்து வேலை நடக்குதுல்ல, அங்க லாரி ஒண்ணு குறுக்க மாட்டிக்கிட்டு நிக்குதாம். அது வரைக்கும் நடந்து போயி அந்தப் பக்கம் ஆட்டோ பிடிக்கப் போறாங்களாம். அவசரக்காரங்க. இந்த வெயில்ல ஒரு கிலோமீட்டர் நடக்கணும், அப்புறம் ஆட்டோக்காரன் கேக்கிறதைக் குடுக்கணும், இங்க மதுரை வரைக்கும் எடுத்த டிக்கெட்டும் போச்சு. அவங்க ஆட்டோவுல கால வைக்கிற நேரத்துல நம்ம வண்டி அவங்களைத் தாண்டிப் போகும், பாத்துக்கிட்டே இருங்க. பாப்பா, நீ ஜன்னலோரம் உக்காரும்மா.

விருதுநகர்ல ஏறுனீங்கல்ல? பாத்தேன். பாப்பா அந்த ஃபைலை நெஞ்சோட சேத்துப் பிடிச்சிக்கிட்டு நின்னுச்சு. காலேஜ் விஷயம்னு அப்பவே நினைச்சேன். கல்விக் கடனா? மதுரையில கூப்பிட்டிருக்காங்களா? நல்லது. நல்லது.

நானும் பேங்குக்குத்தான் போறேன். அதே கல்விக் கடன்தான். ஆனா வாங்கப் போகலை, கட்டப் போறேன். அதுவும் தள்ளுபடி ஆயிட்ட பணத்தை, எங்களுக்கு வேண்டாம்னு பேங்குக்காரனே விட்ட பணத்தை, தயவு பண்ணி வாங்கிக்கோங்கன்னு குடுக்கப் போறேன். சிரிங்க, சிரிங்க. கேட்டவன் எல்லாம் சிரிக்கத்தான் செய்றான். இந்தா, சட்டைப் பையில டிடி இருக்கு. இன்னைக்கு மூணரை மணிக்குள்ள மதுரையில அவங்க மண்டல ஆபீஸ்ல குடுத்தாகணும். குடுத்து ஒரு லெட்டர் வாங்கணும். அந்த லெட்டர் நாளைக்குக் காலையில என் மூத்த பிள்ளை கையில இருந்தாத்தான் அதுக்கு வேலை. இல்லேன்னா இல்ல. மணி இப்ப என்ன, ஒண்ணே முக்காலா? நேரம் இருக்கு. எடுத்துருவான்.

எனக்கு சிவகாசி அண்ணாச்சி. பேரு தங்கேஸ்வரன். பிரஸ்ல கட்டிங் மெஷின் ஓட்டுறேன், இருபத்தாறு வருஷமா. காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், எதுவா இருந்தாலும் அச்சடிச்சு முடிச்சு ஓரம் வெட்ட என்கிட்டத்தான் வரணும். ஒரு மயிரிழை தப்பாது. கையைப் பாருங்க, பத்து விரலும் இருக்கு. எங்க லைன்ல இருபத்தாறு வருஷத்துக்குப் பத்து விரல் இருக்கிறவன் கம்மி. அவசரப்படாதவன்னு அர்த்தம்.

ஆனா ஒரே ஒரு தடவை அவசரப்பட்டேன். அதைச் சொன்னாத்தான் உங்களுக்கு மத்தது புரியும்.

என் வீட்டுக்காரி முத்துச்செல்வி, அவ சங்கிலி அஞ்சு பவுன், சொசைட்டியில அடகு வச்சிருந்தோம். நான் ஒழுங்காக் கட்டுற ஆளு. தவணை தேதிக்கு ஒரு நாள் முன்னாடியே போயி நிப்பேன். சொசைட்டி செக்ரட்டரியே சொல்லுவாரு, தங்கேஸ்வரன் மாதிரி பத்துப் பேர் இருந்தாப் போதும்னு. பல்லைக் கடிச்சுக் கட்டி முடிச்சு சங்கிலியை மீட்டுக்கிட்டு வந்தேன். வந்து அஞ்சே வாரம். நகைக்கடன் தள்ளுபடின்னு அறிவிச்சிட்டாங்க. எங்க பக்கத்து வீட்டுல பொன்னுத்தாயின்னு ஒரு அம்மா. அதே சொசைட்டி, அதே அஞ்சு பவுன். மூணு வருஷமா வட்டி கூடக் கட்டலை. அந்த அம்மாவுக்கு நகை சும்மா வந்துருச்சு. எங்க ஊர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்கு அதைப் போட்டுக்கிட்டு வந்து எங்க வாசல்ல நின்னு, "அவசரப்பட்டுட்டீங்களேண்ணே"ன்னுச்சு. கெட்ட எண்ணத்துல சொல்லலை. பாவப்பட்டுத்தான் சொல்லுச்சு. அதுதான் எனக்குத் தாங்கலை.

அன்னைக்கு ராத்திரி நான் சாப்பிடலை. ஒழுங்காக் கட்டுனவன் முட்டாள், கட்டாதவ புத்திசாலின்னு ஊரே பேசுற மாதிரி இருந்துச்சு. பேசலை. ஆனா எனக்குக் கேட்டுச்சு.

மூத்தவ பேரு சிவரஞ்சனி. அது பன்னண்டாவது முடிச்ச வருஷம் தேர்தல் வந்துச்சு. எங்களுக்கெல்லாம் தேர்தல்னா தீபாவளிக்கு முன்னாடி வர்ற தீபாவளி. ராவும் பகலும் ஓட்டம். ஒரு கட்சியோட வாக்குறுதி நோட்டீஸ் எங்க பிரஸ்ல அடிச்சது. எந்தக் கட்சின்னு கேக்காதீங்க, ஓனர் சாமி படத்துக்கு முன்னாடி நிக்க வச்சு வெளியில சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு. அவங்க மேடையில வாசிக்கிறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி என் மெஷினுக்கு வந்துருச்சு. நான் வெட்டுறேன். எட்டாவது வரி, கறுப்பு எழுத்து, "மாணவர்களின் கல்விக் கடன் முழுவதும் தள்ளுபடி செய்யப்படும்." தமிழ்நாட்டுல அதை முதல்ல படிச்சது நான்தான் அண்ணாச்சி. மை கூடக் காயலை, கைல ஒட்டுச்சு. ஒரு தாளை மடிச்சு பனியனுக்குள்ள வச்சுக்கிட்டேன்.

அச்சு தப்பாகும்னு எனக்குத் தெரியாதான்னு கேப்பீங்க. ஏன் தெரியாது? ஒரு வருஷம் காலண்டர்ல அமாவாசையை ஒரு நாள் தள்ளிப் போட்டு, பத்தாயிரம் தாளை என் கையாலதான் துண்டு துண்டா வெட்டி வேஸ்ட்ல போட்டேன். ஆனா அது தப்புன்னு திரும்ப வந்துச்சு பாருங்க. இது திரும்ப வரலை. தப்பா இருந்தா திருத்தச் சொல்லித் திரும்ப வந்திருக்கும்ல? அப்படித்தான் நான் நினைச்சேன்.

அதுக்கப்புறம் கவுன்சிலிங். ரஞ்சனி நல்லாப் படிக்கிற பிள்ளை. திருநெல்வேலியில கவர்மென்ட் காலேஜ் கிடைச்சுச்சு. நாலு வருஷத்துக்கும் ஹாஸ்டலும் சேத்து ஒண்ணரை லட்சம் வரும். கையில கொஞ்சம், வெளியில கொஞ்சம்னு சமாளிச்சிருக்கலாம். அதுவும் அதைத்தான் கேட்டுச்சு. "அப்பா, கடனே இல்லாமப் படிச்சிர்றேன்ப்பா"ன்னுச்சு.

நான்தான் உக்கார வச்சு எடுத்துச் சொன்னேன். அந்தத் தாளைக் காட்டினேன். "அம்மாடி, தள்ளுபடி ஆகப் போற கடன் இது. ஒண்ணரை லட்சம் வாங்கினா நமக்கு ஒண்ணரை லட்சம்தான் லாபம். ஆறு லட்சம் வாங்கினா ஆறு லட்சம் லாபம். எது நல்லது?" கோயம்புத்தூர்ல தனியார் காலேஜ், ஏசி லேப், ஹாஸ்டல்ல டேபிள் சேர், எல்லாம் போயிப் பாத்துட்டு வந்தேன். கடனை வாங்கி அங்க சேத்தேன். பிள்ளை அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. "அப்பா, எப்பன்னு இதுல போடலையே"ன்னு மட்டும் கேட்டுச்சு. பன்னண்டாவது படிச்ச பிள்ளைக்கு அரசியல் என்ன தெரியும்.

அவங்க ஜெயிச்சாங்களா? ஜெயிச்சாங்க. வந்துச்சா? பரிசீலனையில இருக்குன்னாங்க. பரிசீலனைன்னா இல்லைன்னு அர்த்தம் இல்லையே. இருக்குன்னுதானே அர்த்தம்.

ரஞ்சனி படிச்சு முடிச்சு மெட்ராஸ்ல ஒரு கம்பெனியில சேந்துச்சு. பெரிய சம்பளம் இல்ல. அதுல மாசம் எட்டாயிரம் எனக்கு அனுப்பும், கடனுக்குன்னு. அஞ்சாந்தேதி டாண்ணு வந்துரும். அது விஷயத்துல என்னை மாதிரி. அங்க நாலு பிள்ளைங்க சேந்து ஒரு ரூம்ல இருந்துச்சு. மத்தியானம் தயிர்சோறு கட்டிக்கிட்டுப் போகும். முத்துச்செல்வி போன்ல, "ஒரு கோழிக்குழம்பு வாங்கிச் சாப்பிட்டா என்னடி"ம்பா. "கடன் முடியட்டும்மா"ங்கும்.

நான் கட்டலை அண்ணாச்சி.

ஏன் அப்படிப் பாக்கிறீங்க? குடிச்சா அழிச்சேன்? என் வாயில ஒரு பீடி உண்டா, கேட்டுப் பாருங்க. அந்தப் பணத்துல அதுக்குத்தான் நகை எடுத்தேன். நாலு பவுன்ல சங்கிலியும் வளையலும். பொன்னுத்தாயி கழுத்துல பாத்தேன்ல, அதே மாடல் சங்கிலி. மீதி வீட்டுச் செலவு, சின்னவ தாரணிக்கு டியூஷன். கட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்? கட்டுன மறுநாள் தள்ளுபடி வந்திருக்கும். எனக்கு அனுபவம் இருக்கு. திரும்ப அந்த அம்மா வாசல்ல வந்து நிக்கும். இந்த வயசுல ரெண்டாவது தடவை நான் அதைக் கேக்கணுமா?

"கட்டியாச்சாப்பா?"ன்னு மாசாமாசம் கேக்கும். "கட்டியாச்சும்மா"ம்பேன். அதைப் பொய்னு சொல்ல முடியாது. தள்ளுபடி வந்ததும் நகையைக் கையில குடுத்து, இந்தா பாரு, கடனும் இல்ல, பணமும் தங்கமா இருக்குன்னு சொல்லலாம்னு வச்சிருந்தேன். அது முகத்தை அப்ப பாக்கணும்னு ஆசை. பேங்குல இருந்து லெட்டர் வரும். பீரோவுல விரிச்சிருக்கிற பேப்பருக்கு அடியில வச்சிருவேன். பிரிக்கிறதில்லை. பிரிச்சா மனசு கெட்டுப் போகும்.

அடுத்த தேர்தல் வந்துச்சு. ரெண்டு பக்கத்துக்காரங்களும் அதே வரியைப் போட்டாங்க. எங்க பிரஸ்ல ஒண்ணு, பக்கத்துத் தெரு பிரஸ்ல ஒண்ணு. நிம்மதியா இருந்துச்சு. யார் வந்தாலும் நம்ம கடன் போகும்னு ஆயிருச்சுல்ல.

இந்த இடத்துல தாரணி விஷயம் வருது. போன வருஷம் பன்னண்டாவது முடிச்சா. நர்சிங் படிக்கணும்னா. இதே மாதிரி கடன் கேட்டு அப்ளிகேஷன் போட்டோம். பேங்குல என் ஆதாரைத் தட்டிப் பாத்துட்டு, ஒரு கல்விக் கடனுக்கு நீங்க கையெழுத்துப் போட்டு அது கட்டாமக் கிடக்கு, இன்னொண்ணு தர மாட்டோம்னுட்டாங்க. நாலு பேங்கு ஏறி இறங்கினோம். எல்லா இடத்துலயும் அதே கம்ப்யூட்டர், அதே பதில். பீஸ் கட்டக் கையில பணம் இல்ல. ஒரு வருஷம் பொறும்மா, தள்ளுபடி வந்ததும் என் பேரு சுத்தமாயிரும், அடுத்த வருஷம் சேந்துக்கலாம்னேன். இப்ப எங்க பிரஸ்லயே பைண்டிங்ல இருக்கா. காலண்டர் தாள் அடுக்குறா. என் மெஷினுக்கு எதிர்த்தாப்லதான். என்கூடப் பேசுறதில்லை. சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டாந்து மெஷின் மேல வைப்பா, போயிருவா. அடம். அவ அம்மா மாதிரி.

சரி, ரஞ்சனிக்கு வர்றேன். அந்தக் கம்பெனி வேலையில இருந்துக்கிட்டே பேங்க் பரீட்சை எழுதிக்கிட்டு இருந்துச்சு. மூணு தடவை போச்சு. நாலாவது தடவை பாஸாயிருச்சு. கவர்மென்ட் பேங்கு, கிளார்க் வேலை. வயசு இருபத்தெட்டு ஆகப் போகுது, இதோட அந்தப் பரீட்சைக்கு வயசு தாண்டிருது, இதுதான் கடைசி. ஆர்டர் வந்த அன்னைக்கு போன்ல அழுதுச்சு. நான் பிரஸ் பூராம் மிட்டாய் குடுத்தேன். ஓனர் கூட எழுந்து கை குடுத்தாரு.

வேலையில சேர்றதுக்கு முன்னாடி பழைய கடன் எப்படிக் கட்டியிருக்குன்னு பாப்பாங்களாம். சிபில்ங்கிறாங்கல்ல, அது. எனக்குத் தெரியாது. சத்தியமா எனக்குத் தெரியாது. பணம் எண்ணுற வேலைக்கு வர்ற பிள்ளை வாங்கின கடனைக் கட்டலைன்னா எப்படி சேத்துக்கிறதுன்னு கேட்டுட்டாங்க. பதினஞ்சு நாள் தர்றோம், பாக்கி இல்லைன்னு லெட்டர் கொண்டாந்தாச் சேத்துக்கிறோம், இல்லேன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவோம்னு எழுதிட்டாங்க.

ரஞ்சனி கூப்பிட்டுச்சு. சத்தம் போடும்னு நினைச்சேன். போடலை. "அப்பா, நான் அனுப்புன பணம் எங்கப்பா?"ன்னுச்சு. பீரோவுல நகையா இருக்கும்மான்னேன். லைன் கட் ஆயிருச்சோன்னு நினைச்சு ரெண்டு தடவை ஹலோ சொன்னேன். அப்புறம், "அந்த நகையை வித்துருங்கப்பா. மொத்தமா எட்டு லட்சம் நிக்குது. குறையறதுக்கு நான் கூட வேலை பாக்கிறவங்ககிட்ட வாங்கித் தர்றேன். முழுசையும் கட்டிருங்க. முழுசையும்ப்பா"ன்னுச்சு. ரெண்டு தடவை சொல்லுச்சு, அது எனக்கு ஞாபகம் இருக்கு.

நகையை வித்தேன். விலை ஏறியிருந்துச்சு பாத்துக்கிடுங்க. கடனைக் கட்டியிருந்தா இந்த ஏத்தம் கிடைச்சிருக்குமா? அதை யாரும் பேச மாட்டேங்கிறாங்க.

பேங்குக்குப் போனேன். அங்க புது மேனேஜர். நல்ல மனுஷன். உக்காருங்கன்னு சொல்லி டீ வாங்கிக் குடுத்தாரு. "ஐயா, இது ரொம்ப நாளா நின்னு போன கடன். ஒரே தவணையா நாலு லட்சம் கட்டுங்க, மீதியை விட்டுர்றோம், கணக்கை முடிச்சிரலாம்"னாரு.

அண்ணாச்சி, எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. பத்து வருஷம் காத்திருந்தேன்ல. முழுசா வரலை, பாதியாவது வந்துருச்சுல்ல. இந்த தங்கேஸ்வரனும் ஒரு தள்ளுபடியைப் பாத்துட்டான். மூணு லட்சத்து எண்பதாயிரத்துக்கு முடிங்க சார்னு பேசினேன், ஒத்துக்கிட்டாரு. நகை வித்ததும், ஒரு சீட்டு எடுத்ததும் போட்டுக் கட்டினேன். சீல் வச்சு லெட்டர் குடுத்தாரு. வீட்டுக்குப் போற வழியில பொன்னுத்தாயி நின்னுச்சு. நானாப் போயி, "எங்களுக்கும் பாதி தள்ளுபடி ஆயிருச்சு"ன்னு சொல்லிட்டுத்தான் போனேன்.

ரஞ்சனிக்கு போன் போட்டு, "பாதிக்கு முடிச்சிட்டேன்மா"ன்னேன்.

"முழுசாக் கட்டணும்னு சொன்னேனேப்பா." அவ்வளவுதான் சொல்லுச்சு.

அந்த லெட்டரை ரஞ்சனிக்கு வேலை குடுத்த பேங்குல ஏத்துக்கலை. பாதிப் பணத்தைப் பேங்கு நட்டத்துல எழுதியிருக்கு, அப்ப இவங்க கடனைத் தீத்தவங்க இல்ல, பேரம் பேசி விடுபட்டவங்க. கம்ப்யூட்டர்ல அப்படித்தான் ஏறியிருக்கு. முழுசும் கட்டி முடிச்சதுன்னு இருந்தாத்தான் வேலைன்னுட்டாங்க. நான் திரும்ப எங்க பேங்குக்கு ஓடினேன். மீதியையும் கட்டிர்றேன் சார்னேன். அதே மேனேஜர், அதே நாற்காலி, இந்தத் தடவை டீ இல்ல. "கணக்கை முடிச்சாச்சுங்களே, இப்பப் பணத்தை எதுல வரவு வைக்கிறது? நீங்க கட்டுறதுக்குக் கணக்கே இல்லையே"ன்னாரு. கட்டலைன்னு அஞ்சு வருஷமா லெட்டர் போட்டவங்க, கட்டுறேன்னு வந்து நின்னா வாங்க மாட்டேங்கிறாங்க. பேங்கு வாசல்ல செருப்பை மாட்டாமயே ரோட்டுக்கு வந்துட்டேன்.

மூணு நாள் அலைஞ்சு, எழுதிக் குடுத்து, கால்ல விழாத குறை. முந்தாநாள் சாயங்காலம்தான் மண்டல ஆபீஸ்ல இருந்து பதில் வந்துச்சு. விட்ட பணத்தை மொத்தமா டிடியாக் கொண்டாந்து நேர்ல குடுத்தா, கணக்கைத் திருத்தி, முழுசும் கட்டியாச்சுன்னு லெட்டர் தருவாங்களாம். இன்னைக்கு மூணரைக்குள்ள. பதினஞ்சு நாள் கெடு நாளைக்கு முடியுது.

டிடிக்குப் பணமா? ரஞ்சனி அங்க யார் யார்கிட்டயோ வாங்கி ஒண்ணரை அனுப்புச்சு. மீதிக்கு முத்துச்செல்வி சங்கிலி. அதான், நான் அன்னைக்கு ஒழுங்காக் கட்டி மீட்டுட்டு வந்தேன்னு சொன்னேன்ல, அதே சங்கிலி. நான் கேக்கலை. அவளே கழட்டி சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்துல வச்சா. திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். எங்க வீட்டுல மூணு பொம்பளைங்க, ஒருத்தியும் திட்ட மாட்டேங்கிறா. அதான் என்னால வீட்டுல இருக்க முடியலை.

எங்க எந்திரிக்கிறீங்க? கண்டக்டர் என்ன சொல்றாரு? அவசரம் இருக்கிறவங்க இறங்கி நடக்கலாமா? அவரு அப்படித்தான் சொல்லுவாரு. உக்காருங்க, இன்னும் நேரம் இருக்கு. மணி ரெண்டேகால்தான்.

நீங்க எவ்வளவு கேட்டு எழுதியிருக்கீங்க? நாலா? எந்தக் காலேஜ்? அட, கவர்மென்ட் காலேஜா. கொஞ்சம் இப்படி வாங்க, சத்தமாச் சொல்லக் கூடாது. இன்னொரு பையில ஒண்ணு வச்சிருக்கேன், பாருங்க. போன வாரம் அடிச்சது. அடுத்த தேர்தலுக்கு. மேடையில இன்னும் வாசிக்கலை. பன்னண்டாவது வரி. படிச்சீங்களா? இந்தத் தடவை சும்மா போடலை, "முதல் நூறு நாட்களுக்குள்"னு தேதியோட போட்டிருக்காங்க. ரஞ்சனி அன்னைக்குக் கேட்டுச்சுல்ல, எப்பன்னு போடலையேன்னு. இப்பப் போட்டாச்சு. நான் என் கையால வெட்டுனது. நாலு எழுதியிருந்தா அடிச்சிட்டு ஏழுன்னு எழுதுங்க அண்ணாச்சி. நல்ல காலேஜாப் பாருங்க. என் நேரம்தான் சரியில்லாமப் போச்சு. உங்களுக்கு அப்படி ஆகணும்னு இல்லையே.

இதுலதான் எனக்கு இன்னைக்குக் காலையில இருந்து மனசு ஒரு நிலையில இல்ல. இந்த டிடியைக் கொண்டு போயிக் குடுத்துர்றேன். சங்கிலியும் போச்சு, ரஞ்சனி தலையில புதுக் கடனும் ஏறிருச்சு. நூறு நாள்ல அறிவிச்சிட்டாங்கன்னா? தள்ளுபடி ஆனதைத் திருப்பிக் கட்டுன ஒரே ஆளு இந்த நாட்டுலயே நானாத்தான் இருப்பேன். கட்டலைன்னா பிள்ளை வேலை போச்சு. கட்டுனா நான் போனேன். கட்டத்தான் போறேன், இல்லைங்கலை. வேலைதான் முக்கியம். அது எனக்குத் தெரியாதா? ஆனா கால் நகர மாட்டேங்குது. காலையில எட்டரை வண்டியிலேயே ஏறியிருக்கணும். ஏறலை. பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தேன். பத்தரையும் போச்சு. அப்புறந்தான் இதுல ஏறுனேன்.

ஒரு நிமிஷம். போன். ரஞ்சனிதான்.

ஆங், சொல்லும்மா. ஆமாம்மா. ஆமா, ஆமா. கட்டியாச்சும்மா. இப்பத்தான், இப்பத்தான் கட்டினேன். நல்லாப் பேசினாங்க. ஆங், லெட்டர் டைப் ஆகிக்கிட்டு இருக்காம். ரசீதா? இருக்கு. போட்டோவா... சரிம்மா, வெளியில வந்து அனுப்புறேன், உள்ள டவர் இல்ல. ஹாரன் சத்தமா? அது ரோட்டோர ஆபீசும்மா. நீ சாப்பிட்டியா? சாப்பிடு. வச்சிர்றேன்.

பாவம், காலையில இருந்து பச்சைத் தண்ணி குடிக்கலையாம். எப்படியும் இன்னும் ஒரு மணி நேரத்துல கட்டத்தானே போறேன். பயந்துக்கிட்டு இருக்கிற பிள்ளைகிட்ட பஸ்ல உக்காந்திருக்கேன்னா சொல்ல முடியும்? ஆனா பாருங்க, ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுது. முன்னெல்லாம் அப்படிக் கேக்காது.

என்னம்மா பாப்பா, அப்பா காதுல என்ன சொல்றே? சும்மாச் சத்தமாச் சொல்லு, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். கடன் கணக்குல உன் போன் நம்பரைக் குடுக்கச் சொல்றியா? மாசாமாசம் நீயே பாத்து நீயே கட்டிக்கிறியா?

விவரமான பிள்ளை. ரஞ்சனியும் வேலைக்குப் போன முதல் மாசம் இதைத்தான் கேட்டுச்சு. "கணக்குல உங்க நம்பர் இருக்குல்லப்பா, அதை எடுத்துட்டு என் நம்பரைக் குடுத்துருங்க, நானே நேராக் கட்டிர்றேன்"னுச்சு. நான் சிரிச்சிக்கிட்டேதான் சொன்னேன். ஏம்மா, அப்பாவை நம்பலையான்னேன்.

அதுக்கப்புறம் அது கேக்கவே இல்ல. ஒரு தடவை கூடக் கேக்கல.

இறங்குறீங்களா? பாப்பா எந்திரிச்சிருச்சா. சரி, உங்களுக்கு நாலு மணிக்குள்ள போகணும்ல. ஆட்டோவுல எனக்கும் இடம் இருக்கா? மணி என்ன... ரெண்டு நாப்பது. அம்பது நிமிஷம். நடந்து, ஆட்டோ பிடிச்சா சரியாப் போயிச் சேரலாங்கிறீங்க. சேரலாம். வர்றேன், இருங்க, செருப்பை மாட்டிக்கிறேன்.

இல்ல அண்ணாச்சி, நீங்க முன்னாடி போங்க. அந்தா, டிரைவர் ஏறி உக்காந்துட்டாரு பாருங்க. தண்ணி குடிக்கத்தான் ஏறுனாரா? பரவால்ல. லாரிகிட்ட நாலஞ்சு பேர் நிக்கிறாங்க, நகத்துறாங்க போல. ஒரு அஞ்சு நிமிஷம் பாத்துட்டு வர்றேன். இவ்வளவு நேரம் உக்காந்தாச்சு. நான் இறங்கி நாலு எட்டு வச்ச மறு நிமிஷம் இவன் எடுத்துட்டான்னா?